கியர்பாக்ஸ் ஆயில் சீல்

சுழலும் தண்டு ஒன்று கியர்பாக்ஸின் கூட்டை விட்டு வெளியே வரும் இடத்தில், எண்ணெய் ஒழுகாமலும் தூசி உள்ளே புகாமலும் காக்கும் ரப்பர் வளையம் ஆயில் சீல் எனப்படும். உலோகத் தகட்டாலான அதன் வெளிவட்டம் கூட்டின் துளையில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். உள்வட்டத்து ரப்பர் உதடு தண்டைத் தொட்டபடி இருக்க, அதன் முதுகில் நூல்போன்ற சுருள்வில் ஒன்று சுற்றிக் கவ்வியிருக்கும். பல சீல்களில் வெளிப்பக்கம் தூசிக்கென்று இன்னோர் உதடும் உண்டு.

உதடு தண்டை வறட்டுத்தனமாக உரசுவதில்லை. மைக்ரான் கணக்கில் அளக்கவேண்டிய எண்ணெய்ப் படலத்தின்மேல் ஓடுகிறது. படலம் இல்லாவிட்டால் உதடு சீக்கிரமே கருகும், தடித்தால் கசியும். நல்ல சீலின் உதட்டில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள், தண்டு சுழலச் சுழல எண்ணெயை உள்ளேயே திருப்பித் தள்ளுகின்றன. தொடக்கத்தில் இந்த உதடு தோலால் செய்யப்பட்டது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிட்டுவந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்பவர் உருவாக்கிய வளையம் ‘சிம்மர்ரிங்’ எனப் பெயர் பெற்றது. ஜெர்மானியர் பேச்சில் எந்த ஆயில் சீலுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1930-களில் செயற்கை ரப்பர் வந்து தோலின் இடத்தைப் பிடித்தது. இன்று நைட்ரைல் ரப்பர் பரவலானது. சூடு மிகுந்த இடங்களுக்கு ஃபுளோரோ ரப்பர்.

எங்கே கசிகிறது

1983-இல் வந்த மாருதி 800-க்குப் பிறகு இந்தியச் சிறு கார்களில் முன்சக்கர இயக்கம் வேரூன்றியது. இவற்றில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். இடமும் வலமும் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு சீல். வீட்டில் மாற்றக்கூடியவை இவைதாம். அம்பாசடர், ஆம்னி போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சொருகும் வால்பக்கத்துச் சீல் இதற்கு இணை. கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்புட் ஷாஃப்ட் சீலுக்குக் கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டும். அதைப் பட்டறைக்கு விட்டுவிடுவது நல்லது.

தரையில் கிடக்கும் கறையை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்கு இழுத்துப் பூசிவிடும். இன்ஜினின் பின்பக்க கிராங்க் சீல் கசிந்தாலும், இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்தாலும் சொட்டு விழுவது ஒரே பெல் ஹவுசிங்கின் அடியில்தான். விரலில் தொட்டு மோந்து பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும்: கியர் ஆயிலுக்கு மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடை, இன்ஜின் ஆயிலுக்குக் கருகல் வாடை. சந்தேகமிருந்தால் கூட்டை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, பத்திருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் எந்த விளிம்பில் முதலில் பிறக்கிறதோ அதுதான் இடம்.

ஏன் கசிகிறது

சீல் மலிவான பொருள் என்பதால் குற்றத்தை அதன் தலையில் கட்டி, மாற்றிவிட்டு, மூன்றே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி சொட்டு விழுவதைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு. சூட்டில் ரப்பர் இறுகி வெடிப்பது உண்மையே. ஆனால் சீல் கெட்டதற்கு வேறெங்கோ காரணம் இருப்பதும் சகஜம். கியர்பாக்ஸின் தலையில் ‘பிரீதர்’ என்ற சிறு மூச்சுத்துளை இருக்கிறது. எண்ணெய் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியே வெளியேற வேண்டும். அது சேற்றில் அடைபட்டால் அழுத்தம் கூடி, சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வரும். அளவுக்கு மீறி எண்ணெய் நிரப்பினாலும் கசியும். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் எந்த உதட்டாலும் அதைப் பின்தொடர முடியாது. இவற்றோடு, உதடு ஓடி ஓடித் தண்டிலேயே அறுத்துவைக்கும் பள்ளம் வேறு. எஃகை ரப்பர் அறுக்குமா என்று தோன்றலாம். இடையில் சிக்கும் தூசிதான் அரம்.

வீட்டில் மாற்றும் முறை

கியர்பாக்ஸில் பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன், நிரப்பும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது பழைய கைகளின் விதி. வடித்துவிட்ட பிறகு அது துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் வண்டி நகராமல் நின்றுவிடும். வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் களிம்பு படிந்திருப்பது இயல்பு. சில்லு சில்லாக உலோகம் வந்தால் சீலைவிடப் பெரிய வேலை காத்திருக்கிறது.

ஆக்ஸில் நட்டைக் கழற்ற வேண்டிய வண்டியானால், சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கியபின் ஆக்ஸில் ஸ்டாண்டில் இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டை விடுவித்தால் சக்கரத் தொகுதி வெளியே சாயும். இனி கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்டின் விளிம்பில் டயர் லீவரைக் கொடுத்து ஒரே நெம்பு. நுனியில் உள்ள சர்க்ளிப் விட்டுக்கொடுக்கும். தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது, இழுத்தால் ஜாயிண்ட் உள்ளே பிரிந்துவிடும். சில கியர்பாக்ஸ்களில் இரு ஷாஃப்டையும் ஒரே சமயத்தில் உருவினால் டிஃபரன்ஷியலின் உள்கியர்கள் இடம் மாறிவிடும். ஒரு பக்கத்தை முடித்து மூடிவிட்டு அடுத்த பக்கம் போவது பாதுகாப்பு.

பழைய சீலை நெம்பும் முன் அது எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்று அளந்துகொள்ள வேண்டும். திருப்புளி முனை துளையின் சுவரைக் கீறினால், புதுச் சீலுக்கு வெளியே அந்தக் கீறல் வழியாகவே எண்ணெய் ஒழுகும். பழையதைத் தூக்கி எறியாமல் கடைக்குக் கையோடு கொண்டுபோகலாம். அதன் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். இடது, வலது சீல்கள் வேறுபடும் வண்டிகளும் உண்டு. சிலவற்றில் தண்டு சுழலும் திசைக்கு அம்புக்குறியே இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. வழக்கமான ஆழத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, சீல் சாயாமல், எண்ணெய் வழியை மறைக்காமல் அமர்த்த இடமிருந்தால் உதடு புதுத் தடத்தில் ஓடும். இல்லையென்றால் சுமார் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகு உறை ஒன்றைத் தண்டின்மேல் போர்த்தலாம். கையோடு பிரீதரையும் ஊதிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

புதுச் சீலில் சுருள்வில் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி, அதாவது உள்ளே. உதட்டில் கியர் ஆயில் தடவி, வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி குழாய்த் துண்டை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்ட வேண்டும். கோணலாகப் போகிறதென்று தெரிந்தால் அடித்து நிமிர்த்தப் பார்க்காமல், எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். ஷாஃப்டைத் திரும்பச் சொருகும்போது அதன் பற்கள் உதட்டில் படாதவாறு நேராகத் தாங்கி நுழைக்க வேண்டும். இந்தக் கடைசி ஒரு அங்குலத்தில் கிழிந்த புதுச் சீல்கள் ஏராளம். சர்க்ளிப் புதிதாக இருக்கட்டும். ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டால் அமர்ந்துவிட்டது.

எண்ணெயில் சிக்கனம் பார்க்காமல் கையேடு சொல்லும் ரகத்தையே ஊற்ற வேண்டும். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், சில தயாரிப்புகளின் கந்தகச் சேர்மங்கள் உள்ளிருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் அடிவிளிம்பில் எண்ணெய் தளும்பும்வரை ஊற்றினால் போதும்; சிறு கார்களுக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். வடித்ததைச் சாக்கடையில் கொட்டுவது சட்டப்படியும் தவறு. பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது.

மாற்றிய மறுநாளும் இரண்டு சொட்டு விழுந்தால் பதற வேண்டாம். கூட்டின் மடிப்புகளில் தங்கியிருந்த பழைய எண்ணெயாக இருக்கும். துடைத்துவிட்டு, சூடேறும்வரை ஓட்டிவந்து, அடியில் ஓர் அட்டையைப் போட்டு இரவு நிறுத்தினால் காலையில் அட்டை சொல்லிவிடும்.