தொடர் முடிவெடுத்தல்: பண்புகள் பல, தரவு குறைவு

ஒரு முடிவின் விளைவைப் பார்த்து, அதிலிருந்து கற்று, அடுத்த முடிவைத் திருத்திக்கொள்ளும் முறை தொடர் முடிவெடுத்தல் எனப்படும். தேர்ந்தெடுத்த வழியின் விளைவு மட்டுமே இதில் தெரியவரும். கைவிட்ட வழி என்ன தந்திருக்கும் என்பது தெரியாது.

இதன் வேர் மருத்துவத்தில் உள்ளது. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று உறுதியாகும்வரை காத்திராமல், அதுவரை கிடைத்த சான்றின் வலுவுக்கேற்ப நோயாளிகளைப் பங்கிடும் வழியை வில்லியம் ஆர். தாம்சன் 1933இல் முன்வைத்தார். தாழ்ந்த சிகிச்சைக்கு ஆளாவோரைக் குறைப்பதே அவர் அக்கறை. அவருடைய கட்டுரையைப் பல பத்தாண்டுகள் பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. 1952இல் ஹெர்பர்ட் ராபின்ஸ் இச்சிக்கலைக் கணிதமாக வகுத்தார். 1985இல் அவரும் லாய் என்பவரும், தாழ்ந்த வழியைத் தேர்வதால் தவிர்க்கவே முடியாமல் நேரும் இழப்பின் குறைந்தபட்ச அளவை நிறுவினர்.

நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. வயது, எடை, மரபணு, பிற மருந்துகள் என விவரங்கள் கூடக்கூட, ஒவ்வொன்றின் பங்கையும் அறியத் தேவையான தரவும் பெருகும். பலவற்றுள் சிலவே உண்மையில் முக்கியம் என்று கொண்டு, மற்றவற்றை நீக்கும் லாசோ முறையை 1996இல் ராபர்ட் டிப்ஷிரானி வெளியிட்டார். மருத்துவத்துக்கு வெளியேயும் இத்தகைய விவரங்கள் பயன்பட்டன: 2010இல் வெளியான ஆய்வில், வாசகரின் பண்புகளைக் கொண்டு செய்திக் கட்டுரை தேரும் முறை யாகூ தரவில் சோதிக்கப்பட்டது.

லாசோவைத் தொடர் முடிவுகளில் அப்படியே பொருத்த இயலாது. நல்லதென்று தோன்றும் வழியையே கணினி மீண்டும் மீண்டும் தேர்வதால் தரவு ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஹம்சா பஸ்தானியும் மொஹ்சன் பயாத்தியும் 2020இல் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் இதழில் இதற்கு வழி கண்டனர்: முன்கூட்டியே குறித்த சில தருணங்களில் எல்லா வழிகளையும் கட்டாயமாகச் சோதிப்பது, அந்தச் சாயாத தரவைக் கொண்டு தெளிவாகத் தாழ்ந்தவற்றை விலக்கி, எஞ்சியவற்றை முழுத் தரவால் ஒப்பிடுவது. சில பண்புகளே முக்கியமாக இருக்கும்வரை, பண்புகள் பெருகினாலும் இழப்பு ஏறத்தாழ மடக்கை வேகத்திலேயே கூடும். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்த நோயாளிகளின் தரவில் இதைச் சோதித்தனர். அந்த மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் பத்து மடங்குவரை வேறுபடும். கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் பக்கவாதம் நேரலாம்.

2020 கோடையில் கிரேக்கம் இதே சிந்தனையை எல்லையில் கையாண்டது. பயணிகளில் யாருக்குக் கோவிட் பரிசோதனை செய்வது என்பதை ‘ஈவா’ என்ற மென்பொருள் நாள்தோறும் முடிவுசெய்தது. எந்த ஊர்களையும் நாடுகளையும் தனித்துக் கவனிக்கவேண்டும் என்பதை லாசோ தெரிவுசெய்தது. அறிகுறியற்ற தொற்றாளர்கள், குருட்டாம்போக்காகச் சோதித்தால் அகப்படுவதைப்போல் 1.85 மடங்கு கண்டறியப்பட்டதாக 2021இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.