ஒரு குடும்பம், ஒரு வரி

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி நெல்லா காசா, கடன் யாரிடம் என்றெல்லாம் அந்தப் பட்டியல் கேட்டது. மாணவர்கள் எழுதி வந்தவற்றைத் தொகுத்து 1918இல் அவர் வெளியிட்ட நூலில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர் ஒன்றும் இருக்கிறது. எருவெல்லிப்பேட் என்று அதில் எழுதப்பட்டிருக்கும் ஊர், பண்ருட்டிக்கு மேற்கே அரசூர்ப் பக்கம் இருக்கும் இருவேல்பட்டுதான்.

அந்த ஊரை ஆய்வாளர்கள் விடவில்லை. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மேற்பார்த்த மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் போனார்கள். பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும், வெளிவேலையும் அரசின் நலத்திட்டங்களும் கூலி உழைப்பாளியின் சார்புநிலையைக் குறைத்ததையும் தொண்ணூறு ஆண்டுக் கணக்கில் ஒரே ஊரில் வைத்துப் பார்க்க முடிகிறது. இப்படிப்பட்ட தொடர்ச்சி இந்தியாவில் வெகு சில ஊர்களுக்கே வாய்த்திருக்கிறது.

ஆனால் இருவேல்பட்டு ஓர் ஊர். அங்கே நடந்தது தமிழகம் முழுதும் நடந்ததா என்ற கேள்விக்கு அந்த ஊரால் விடை சொல்ல முடியாது. அந்த விடைக்காக வந்தது மாதிரிக் கணக்கெடுப்பு. பி.சி. மகலனோபிஸின் முயற்சியில் தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கியது. எல்லா வீட்டையும் தட்டாமல், குலுக்கல் முறையில் ஊர்களையும், அவ்வூர்களில் சில வீடுகளையும் தேர்ந்தெடுத்துக் கேட்பது அதன் வழி. நீண்டகாலம் நமக்குக் கிடைத்தவை அச்சிட்ட அட்டவணைகள் மட்டுமே. 1971இல் தண்டேகரும் ரத்தும் எழுதிய புகழ்பெற்ற வறுமை ஆய்வுகூட அத்தகைய அட்டவணைகளிலிருந்து எழுந்ததுதான்.

அட்டவணைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுவாரிப் பதிவுகள் 1990களின் இறுதிக்குப் பிறகே ஆய்வாளர் கைக்குப் பரவலாக வந்தன. நுண்தரவு என்று இன்று சொல்கிறோம். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பமும் எண்களாலான வரிகளாக அதில் கிடக்கிறது. சமூகப் பிரிவுக்கு ஓர் இலக்கம்: பழங்குடியினருக்கு 1, பட்டியல் சாதியினருக்கு 2, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 3, ஏனையோருக்கு 9. பிறகு நிலம், வீட்டுத்தொழில், அரிசி, பருப்பு, விறகு என்று நீள்கிறது. பழங்களின் வரிசையில் பலாவுக்குத் தனி எண் உண்டு, முந்திரிப்பருப்புக்கும் உண்டு. பண்ருட்டிக்காரனுக்கு இது சற்றுப் பெருமைதான்.

வரிதோறும் பெருக்கி எண் ஒன்றும் இருக்கும். 2022-23 நுகர்வு ஆய்வில் கேட்கப்பட்டவை 2,61,746 குடும்பங்கள். அதாவது, சராசரியாக ஒரு வீடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசுகிறது. அந்த ஆய்வின்படி தமிழகக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாக 5,310 ரூபாய். இந்தியக் கிராமங்களில் 3,773. இத்துடன் நின்றால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். பிரித்துப் பார்த்தால் அகில இந்தியக் கிராமப்புறத்தில் பழங்குடியினருக்கு 3,016, பட்டியல் சாதியினருக்கு 3,474, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 3,848, ஏனையோருக்கு 4,392 என்று படிக்கட்டு தெரிகிறது. இது வெறும் முதல் வெட்டு. ஒரே அளவு நிலமும் ஒரே படிப்பும் உள்ள வீடுகளுக்கிடையிலும் இந்தப் படி நிற்கிறதா என்று கேட்க அட்டவணை போதாது, வரிகள் வேண்டும்.

வரிகளின் வலிமையைக் காட்டியது 1999-2000 சர்ச்சை. வறுமை 36 விழுக்காட்டிலிருந்து 26க்கு இறங்கிவிட்டது என்று அரசுக் கணக்கு சொன்னது. அந்தச் சுற்றில் உணவுச் செலவை ஏழு நாள் நினைவிலும் முப்பது நாள் நினைவிலும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு விடை மற்றதைத் தன்பக்கம் இழுத்திருக்கும் என்பது ஐயம். கேள்விமுறை மாறாத பொருள்களின் செலவை மட்டும் வீட்டுவாரியாக எடுத்து ஆங்கஸ் டீட்டன் திருத்திக் கணக்கிட்டார். வறுமை குறைந்தது உண்மை, சொன்ன அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. 1990களில் மாநிலங்களுக்கிடையிலும், நகருக்கும் கிராமத்துக்கும் இடையிலும் ஏற்றத்தாழ்வு கூடியதை அவரும் ழான் திரேஸும் 2002இல் எழுதினார்கள். அப்படிச் சரிபார்க்கும் வாய்ப்பே 2017-18 நுகர்வு ஆய்வில் நமக்குக் கிட்டவில்லை. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி, அதன் முடிவுகளை வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் அமைச்சகம் அறிவித்தது. தரம் சரியில்லை என்றால் வரிகளைக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்; பார்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். விளைவு, 2011-12க்கும் 2022-23க்கும் நடுவே பதினோராண்டு இருட்டு.

நுண்தரவைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. பண்ருட்டிக்கென்று விழும் மாதிரி வீடுகள் மிகச் சில. அவற்றை வைத்து நம் வட்டத்தைப் பற்றித் துணிந்து எதுவும் சொல்லிவிட முடியாது. 3 என்ற ஒற்றை இலக்கத்துக்குள், பத்து ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் சாதியும் துணி வெளுக்கும் சாதியும் ஒன்றாக அடைபட்டுக் கிடக்கின்றன. முழுமையான சாதிவாரி எண்ணிக்கை கடைசியாக வெளியானது 1931இல். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்திருக்கிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடும் கோட்டைக் கோப்பில் தேடினால் கிடைக்காது. அதற்கு இருவேல்பட்டு ஏடுகளைத்தான் திறக்க வேண்டும். அவற்றிலும், ஸ்லேட்டரின் காலத்தில் கல்லூரிக்கு வர முடிந்த வீட்டுப் பிள்ளைகளின் கண்ணால் பார்த்தவை எவை என்று பிரித்தறிந்து படிக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது இன்னொரு கட்டம். வேலை பற்றிய ஆய்வுகளில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்ற எண். எங்கள் பக்கத்து ஊர்களில் பெண்கள் திண்ணையில் அமர்ந்து கூலிக்கு முந்திரிக் கொட்டை உடைக்கிறார்கள். தோட்டின் எண்ணெய் விரல்தோலைக் கருக்கும். விதிப்படி அது வேலைதான். ஆனால் கணக்கெடுப்பவர் கேட்கும்போது, “அது சும்மா வீட்டுல இருக்குது” என்று கணவர் வாசலில் நின்றபடி சொன்னால், 92 விழுந்துவிடும். அந்த ஒரு வரி ஆயிரம் வீடுகளுக்காகப் பெருகும்.

2019இல் நடந்த முதல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு வேறு விதமாகக் கேட்டது. விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாக, என்ன செய்தீர்கள்? அந்தக் கேள்விக்கு “சும்மா” என்று விடை சொல்வது கடினம்.