பிளிஸ்னா ஏவுகணைத் தளம்

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி தன் வி-2 ஏவுகணையை ஏவிச் சோதித்த காட்டுத் தளம். தென்கிழக்குப் போலந்தில், டெம்பிட்சா நகருக்கு வடக்கே உள்ளது. ஜெர்மனி நாட்டைக் கைப்பற்றிய பின், நாஜிகளின் எஸ்.எஸ். படை இந்தப் பகுதியைப் பயிற்சிக் களமாக்கி, ஊராரை வெளியேற்றியது. பயிற்சிக் களத்தின் கட்டுமான வேலைகள், பக்கத்திலிருந்த புஸ்ட்குவ் முகாமின் கைதிகள்மீது சுமத்தப்பட்டன. அவர்கள் யூதர்கள், சோவியத் போர்க்கைதிகள், போலந்துக்காரர்கள்.

1943 ஆகஸ்ட் 17 இரவு, பால்டிக் கரையிலிருந்த பேனமுண்டே ஆய்வுத் தளத்தின்மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. அதன் பிறகு, எதிரி விமானங்கள் எளிதில் வந்துசேர முடியாத பிளிஸ்னாவுக்கு ஏவுகணைச் சோதனைகள் மாற்றப்பட்டன. வானிலிருந்து பார்ப்போரை ஏமாற்ற, ஆளில்லாத அந்த ஊரில் போலி வீடுகள் எழுப்பி, கொடியில் துணி உலர்த்தி, மனித, விலங்கு உருவங்களையும் நிறுத்தினார்கள். முதல் ஏவுகணை நவம்பர் 5 அன்று கிளம்பியது.

சுமார் 14 மீட்டர் உயரமுள்ள வி-2, ஆல்கஹாலையும் திரவ ஆக்சிஜனையும் எரித்துப் பறந்தது. சோதனையில் பல ஏவுகணைகள் தரையைத் தொடுமுன்பே வானில் சிதறின. காரணம் அறிய, திட்டத்தின் தலைவர்களான டோர்ன்பெர்கரும் வெர்னர் ஃபான் பிரவுனும் அவை விழும் இடத்துக்கே போய் நின்று பார்த்தனர். அந்த இடம் வெற்று நிலமல்ல. பூக் ஆற்றங்கரையில் சார்னாக்கியைச் சுற்றி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த கிராமங்கள். குடியிருப்புகளையே இலக்காக வைத்துச் சோதித்தது கொடுஞ்செயல்.

அந்தக் கிராமத்தாரும் போலந்தின் தலைமறைவுப் படையினரும், ஜெர்மானியர் வருமுன் சிதறிய பாகங்களைப் பொறுக்கி ஒளித்தார்கள். 1944 மே மாதம் ஓர் ஏவுகணை வெடிக்காமல் ஆற்றோரச் சதுப்பில் விழுந்தது. அதை மறைத்துவைத்து, பின்னர் பிரித்து வார்சாவுக்குக் கடத்தினர். மின்னணுக் கருவிகளைப் பேராசிரியர் கிரோஷ்கோவ்ஸ்கி ஆராய்ந்தார். எஞ்சியிருந்த திரவம் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வேதியியலாளர் ஸ்ட்ருஷின்ஸ்கி கண்டறிந்தார். ஜூலை 25 இரவு, தார்னுவ் அருகே ஒரு புல்வெளியில் பிரிட்டிஷ் டகோட்டா விமானம் ரகசியமாக இறங்கியது. சேற்றில் புதைந்த சக்கரங்களைத் தலைமறைவுப் படையினர் பாடுபட்டு விடுவிக்க, பாகங்களோடும் அறிக்கையோடும் அது பறந்துபோனது. இந்த உளவுப்பணியை நடத்திய கிளைடர் வடிவமைப்பாளர் அன்டோனி கோட்சியான் அதற்கு முன்பே கைதாகியிருந்தார். ஆகஸ்ட் 13 அன்று கொல்லப்பட்டார்.

சோவியத் படை நெருங்கவே, ஜெர்மானியர் ஜூலையில் தளத்தைக் காலிசெய்து, வடக்கே துஹோலா காட்டுக்குப் போனார்கள். சர்ச்சில் ஸ்டாலினிடம் கேட்டுப் பெற்ற அனுமதியின்பேரில், செப்டம்பரில் பிரிட்டிஷ், அமெரிக்க வல்லுநர்கள் பிளிஸ்னாவை ஆராய்ந்தனர். சோவியத் பொறியாளர்களுக்கும் இங்கே கிடைத்த சிதைவுகள் பாடமாயின.

இன்று இங்கே ஒரு வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. ஏவுகணையைப் பார்க்க வருவோர் புஸ்ட்குவையும் பார்த்துச் செல்ல வேண்டும்: அந்த முகாமில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள்.