லினக்ஸில் வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ்: டாங்கிளா, ப்ளூடூத்தா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. நன்றாக ஓடும் லேப்டாப், ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. தூக்கிப் போட மனசு வராதவர்களுக்கு இருக்கும் ஒரு வழி உபுண்டு, மின்ட், ஃபெடோரா போன்ற லினக்ஸ். அங்கே போகும் முன் வரும் கேள்வி: "என் வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் இதில் வேலை செய்யுமா?"

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் ஐ.டி. ஊழியரை எடுத்துக்கொள்வோம். வீடு மெட்டுகுடாவில். அலுவலக நாட்களில் நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால், ரயில் மாறாமல் ஹைடெக் சிட்டி போய்விடலாம். வீட்டிலிருந்து வேலை என்றால் பழைய லேப்டாப், ஒரு மானிட்டர், ஒரு வயர்லெஸ் செட். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம். இவருக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம்: செட் வேலை செய்ய வேண்டும், டைப் செய்யும் பாஸ்வேர்டு சுவரைத் தாண்டக் கூடாது.

இரண்டுக்கும் பதில், உங்கள் செட் டாங்கிள் வகையா, ப்ளூடூத் வகையா என்பதில்தான் இருக்கிறது.

டாங்கிள் வகை: செருகினால் போதுமா?

பெரும்பாலும் போதும். கீபோர்டோடு வரும் சின்ன யூஎஸ்பி டாங்கிள், கம்ப்யூட்டரிடம் தன்னை ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகவும் மவுஸாகவும்தான் காட்டிக்கொள்ளும். ரேடியோ வேலை முழுவதும் டாங்கிளுக்கும் கீபோர்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடும். அதனால் டப்பாவில் 'விண்டோஸ் மட்டும்' என்று போட்டிருந்தாலும் அடிப்படை டைப்பிங்குக்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

இன்னொரு வசதியும் உண்டு. ஹார்டு டிஸ்க்கை முழுசாக என்க்ரிப்ட் செய்திருந்தால், லினக்ஸ் தொடங்கும் முன்பே பாஸ்வேர்டு கேட்கும். அந்த நேரத்தில் ப்ளூடூத் பொதுவாக விழித்திருக்காது. டாங்கிள் கீபோர்டு வேலை செய்யும்.

லாஜிடெக்கின் யூனிஃபையிங், போல்ட் வகை டாங்கிள்களில் ஒன்றோடு 6 சாதனங்கள் வரை இணைக்கலாம். லினக்ஸில் அதற்கு 'சோலார்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உபுண்டு, ஃபெடோரா மென்பொருள் களஞ்சியங்களிலேயே கிடைக்கும். புதிய சாதனத்தைச் சேர்ப்பது, பழையதை நீக்குவது, பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் இதில் முடியும். மற்ற மலிவான செட்களில் டாங்கிள் தொலைந்தால் பெரும்பாலும் கீபோர்டும் போனதாகவே அர்த்தம்.

ப்ளூடூத் வகை: எப்படி இணைப்பது?

கீபோர்டின் இணைப்புப் பொத்தானை விளக்கு மின்னும் வரை அழுத்திப் பிடியுங்கள். லினக்ஸின் செட்டிங்ஸில் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்தால் அதன் பெயர் தெரியும். கிளிக் செய்தால் திரையில் ஒரு எண் வரலாம். அதை இணைக்கப்போகும் கீபோர்டிலேயே டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். லேப்டாப் கீபோர்டில் தட்டினால் நடக்காது. மவுஸுக்கு இந்த எண் கேட்காது.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இணைப்பு விட்டுப்போகிறதா? டெர்மினலில் 'ப்ளூடூத்சிடிஎல்' கட்டளையைத் திறந்து அந்தச் சாதனத்துக்கு 'டிரஸ்ட்' கொடுங்கள். அடுத்த முறை அனுமதி கேட்காமல் தானாக இணையும்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. விண்டோஸில் இணைத்தால் லினக்ஸில் அறுந்துவிடும், லினக்ஸில் இணைத்தால் விண்டோஸில். காரணம், இணையும்போது ஒரு ரகசியச் சாவி உருவாகும். இரண்டு இயங்குதளங்களுக்கும் ப்ளூடூத் முகவரி ஒன்றே என்பதால், கீபோர்டு பழைய சாவியை மறந்து புதியதை மட்டும் வைத்துக்கொள்ளும். கீபோர்டில் 1, 2, 3 என்று பல சாதனங்களுக்கான பொத்தான்கள் இருந்தால், ஒன்றில் விண்டோஸையும் இன்னொன்றில் லினக்ஸையும் இணைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் டாங்கிள்தான் நிம்மதி.

மவுஸ் ஏன் திக்குகிறது?

டாங்கிளும் ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகள் இதைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 2005-இல் விதி கொண்டுவந்தது. உங்கள் வைஃபை, பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாமே அதே இடத்தில்தான் நெருக்கியடித்து நிற்கின்றன.

ஆனால் குற்றவாளி பல நேரம் பக்கத்து வீட்டில் இல்லை, உங்கள் மேசையிலேயே இருக்கிறது. யூஎஸ்பி 3.0 சாதனங்கள் கிளப்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிக்கும் என்று இன்டெல் 2012-இலேயே விளக்கமாக எழுதியது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்து போர்ட்டில் டாங்கிள் இருந்தால் இடம் மாற்றுங்கள். சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மவுஸுக்கு அருகில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும்.

சில விநாடிகள் சும்மா இருந்த பிறகு மட்டும் மவுஸ் திக்குகிறதா? அது மின்சேமிப்பு அமைப்பின் வேலையாக இருக்கலாம். 'பவர்டாப்' மாதிரியான கருவியில் எல்லாவற்றையும் தானாகச் சேமிக்கும்படி விட்டிருந்தால், மவுஸின் யூஎஸ்பி போர்ட்டுக்கு மட்டும் அதை நிறுத்துங்கள்.

பாஸ்வேர்டு சுவரைத் தாண்டுமா?

தாண்டிய கதைகள் உண்டு. 2016 பிப்ரவரியில் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்ற ஓட்டையை வெளியிட்டது. லாஜிடெக், டெல், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களின் சில டாங்கிள்களுக்கு, சுமார் 100 மீட்டர் தூரத்திலிருந்தே போலி விசைத்தட்டல்களை அனுப்ப முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்தது 'கீஸ்னிஃபர்'. சில மலிவு கீபோர்டுகள் தட்டும் எழுத்துகளை என்க்ரிப்ட் செய்யாமலேயே காற்றில் அனுப்புகின்றன என்று அது காட்டியது. அங்கே லினக்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டை கீபோர்டுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் இருக்கிறது.

ப்ளூடூத்தும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் வெளியான சிவிஇ-2023-45866 என்ற குறைபாடு லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் சாதனங்களைப் பாதித்தது. லினக்ஸில் ப்ளூடூத் மற்றவர்களுக்குத் தெரியும் நிலையில் இருந்தால், அருகிலிருப்பவர் உங்கள் அனுமதி இல்லாமலே ஒரு போலி கீபோர்டை இணைத்துவிட முடிந்தது. இதற்கான தீர்வு லினக்ஸில் 2020-லேயே எழுதப்பட்டிருந்தது; ஆனால் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இப்போது அப்டேட்டுகளில் சரிசெய்யப்பட்டுவிட்டது. அதாவது, அப்டேட் போட்டவர்களுக்கு.

டாங்கிளுக்கும் அப்டேட் உண்டு. லினக்ஸின் 'எஃப்டபிள்யூஅப்டி' சேவை, லாஜிடெக் யூனிஃபையிங் டாங்கிள்களுக்கு மவுஸ்ஜாக்கைச் சரிசெய்யும் ஃபர்ம்வேரைக் கொண்டுவந்து தருகிறது. பெயர் தெரியாத மலிவு டாங்கிள்களுக்கு இப்படி ஒரு வழி கிடைப்பது அரிது.

தமிழில் டைப் செய்யத் தனி கீபோர்டு வேண்டுமா?

வேண்டாம். கீபோர்டு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டுமே. அது 'அ'வா, 'ஏ'வா என்று முடிவு செய்வது இயங்குதளம். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் தமிழ்99 சேர்த்தால், எந்த வயர்லெஸ் கீபோர்டிலும் தமிழ் வரும்.

அப்போ எதை வாங்கலாம்?

டிஸ்க் என்க்ரிப்ட் செய்திருக்கிறீர்களா, அல்லது இரண்டு இயங்குதளங்கள் வைத்திருக்கிறீர்களா? டாங்கிள் வகை. யூஎஸ்பி போர்ட் குறைவு, போனுக்கும் டேப்லெட்டுக்கும் அதே கீபோர்டு வேண்டுமா? ப்ளூடூத். எதுவானாலும் என்க்ரிப்ஷன் இருப்பதாக நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதா, ஃபர்ம்வேர் அப்டேட் தருகிறதா என்று பாருங்கள். ப்ளூடூத்தை இணைக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் பிறருக்குத் தெரியாதபடி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. லினக்ஸை நிறுவும் முன், பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் ஓட்டி, கையில் இருக்கும் செட்டை ஒரு பத்து நிமிடம் பயன்படுத்திப் பாருங்கள். புதுசு வாங்க வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.