கல்லில் எழுதிய சம்பளம், களத்தில் அளந்த கூலி

வேலையாளை எப்படித் தேர்ந்தெடுப்பது, அவருக்கு எவ்வளவு ஊதியம் அளிப்பது, அவர் விலகினால் அந்த இடத்தில் யாரை அமர்த்துவது, வேலை செய்யுமிடத்தில் தீங்கு நேராமல் அவரை எப்படிக் காப்பது? பணியாளர் மேலாண்மை என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பாடத்தின் அடிப்படைக் கேள்விகள் இவைதாம். மேல்நாட்டு ஆலைகளில்தான் இக்கலை பிறந்தது என்று பாடநூல்கள் தொடங்கும். ஆனால் முதல் மூன்று கேள்விகளுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த விடை ஒன்று நம்மிடம் உண்டு. அதைக் காண விரும்புவோர் தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலருகே சென்று நிற்க வேண்டும்.

முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1014-இல், அங்கே ஒரு நீண்ட கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தஞ்சையில் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பது வரை அதில் உள்ளது. இன்றைய அலுவலகங்களில் பணிப்பதிவேடு என்கிறோமே, அதில் இதைவிட என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?

ஊதியம் 'பங்கு' என்னும் அலகால் கணக்கிடப்பட்டது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அளக்கும் கருவி எதுவென்று சொல்லாத ஊதிய ஒப்பந்தம் ஒப்பந்தமே அன்று என்பதைச் சோழர்கால அதிகாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். நட்டுவர், பாடுவோர், கணக்கர், தச்சர், தையற்காரர், நாவிதர் ஆகியோருக்கும் பங்குகள் உண்டு. ஒருவர் இறந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம். அந்த உறவினருக்குத் தொழில் தெரியாவிட்டால், தகுதியுள்ள வேறொருவரை அமர்த்தி வேலையை நடத்த வேண்டும். உரிமையையும் தகுதியையும் பிரித்துப் பார்த்த இந்த விதி என் கண்ணுக்கு அக்கல்வெட்டிலேயே மிக நுட்பமான பகுதி.

400 பேருக்குத் தலைக்கு 100 கலம் என்றால் 40,000 கலம் ஆகிறதல்லவா? இத்தனை நெல்லையும் நட்டு, அறுத்து, அடித்துத் தந்தவர்கள் யார்? அவர்களுடைய பெயர்ப் பட்டியல் எந்த மதிலிலும் இல்லை. கோயிலுக்கு இறையிலி கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கில், சுடுகாடு, குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு சேர்த்து வரி நீக்கிய நிலமாகப் 'பறைச்சேரி' என்னும் சொல் வருகிறது. உழைப்பாளி குடியிருந்த இடம் கணக்கில் உண்டு, உழைப்பாளி இல்லை.

ஒன்பது நூற்றாண்டு கடந்து வாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் காவிரிப் பாசனத்தில் பண்ணையாளுக்கு எழுத்தில் எதுவும் இல்லை. கடனாலும் வழக்கத்தாலும் குடும்பமே ஒரு மிராசுதாரருக்குக் கட்டுப்பட்டிருந்தது. குடிசை நின்ற மனையும் மிராசுதாரருடையதே. வேலை போனால் வீடும் போகும். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. மரக்கால் யார் கையில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 'ஒழுங்கு நடவடிக்கை' என்று இன்றைய பாடநூல் கூறும் அத்தியாயத்திற்கு அங்கே இரண்டே பெயர்கள்: சவுக்கடி, சாணிப்பால்.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் முதலியோர் 1940-களில் கட்டிய விவசாயிகள் சங்கம் எதிர்த்து நின்றது இந்த இரண்டையும்தான். 1948-இல் மாயூரம் ஒப்பந்தம் ஏற்பட்டது. கூலி எழுத்துக்கு வந்தது. 1952 ஆகஸ்டில் இராசாசி அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதுவே தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாயிற்று. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல், நிலம் உடையோரை அது கட்டுப்படுத்தியது. பண்ணையாளின் கூலியை வரையறுத்தது. தகராறு தீர்க்கச் சமரச அதிகாரிகளை ஏற்படுத்தியது.

விளைவு விந்தையானது. சட்டம் காத்தது 'பண்ணையாள்' என்னும் நிலையை. பண்ணையாளே இல்லாவிட்டால்? மிராசுதாரர் பலர் நிலையான ஆட்களைக் குறைத்து, அன்றாடக் கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினர். நிரந்தரத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வந்ததும் ஒப்பந்தத் தொழிலாளி பெருகும் கதையை ஆலைகளில் பிற்காலத்தில் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட பூசல், வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்ததால் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் முடிந்தது. ஒரே குடிசையில் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. இதற்கிடையே கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குடியிருந்த மனையைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. இரண்டாவதையே நான் பெரிதென்பேன். வீடு தன்னுடையதாக இருப்பவன்தான் கூலி பேச முடியும்.

நான்காவது கேள்வி இருக்கிறதே, பாதுகாப்பு? அது வயலுக்கு வந்த வழி இன்னும் மெதுவானது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின்விசையோடு 10 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. ஆகவே அந்த அளவுள்ள நெல் அரவை ஆலையில் சுழலும் பட்டைக்கு மறைப்பு வேண்டியிருந்தது. அதே நெல்லை வளர்க்கும் வயல் எத்தனை பேர் இறங்கினாலும் தொழிற்சாலை அன்று.

அவ்வயலுக்குத்தான் நஞ்சு வந்தது. 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் இந்தியாவிலேயே முதலில் தேர்ந்த ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 1965-இல் ஆடுதுறை 27 வந்தது. உரமும் பூச்சிமருந்தும் கூடவே வந்தன. பாலிடால் என்று உழவர் அழைத்த பாரத்தியானை எடுத்துக்கொள்வோம். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரந்து தசையை இயக்குகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிட வேண்டும். பாரத்தியான் உடலுக்குள் மாற்றமடைந்து அந்த நொதியை முடக்குகிறது. விளக்கை ஏற்றிவிட்டு அணைக்கும் விசையை உடைத்துவிட்டாற்போல! கண்மணி சுருங்குகிறது, எச்சில் பெருகுகிறது, தசை துடிக்கிறது, மூச்சு திணறுகிறது. அட்ரோப்பின் ஊசி உடனே கிடைத்தால் பிழைக்கலாம். குடித்தால்தான் ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். தோல் வழியாகவும் அது உட்புகும். வெறுங்கையால் கலக்கி, காற்றுக்கு எதிர்முகமாகத் தெளித்தவர்களுக்கு வியர்வையும் ஈரச்சட்டையுமே வாயிலாயின.

1958-இல் கேரளத்தில், பாரத்தியான் பட்ட உணவுப்பொருளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 1971-இன் விதிகள் கையுறை, காலணி, முகமூடி என்று பட்டியலிட்டன. வெண்மணி எரிந்த ஆண்டில் பிறந்த சட்டம். அரைப்படிக்கே உயிரைக் கொடுத்தவர்கள் கையுறைக்கு எங்கே போவார்கள்? தவிர, நடவுச் சேற்றில் ரப்பர் காலணி இரண்டு எட்டுக்கு மேல் வராது. விதி எழுதியவர் வரப்பிலேயே நின்றுவிட்டார் போலும். பன்னாட்டுத் தொழிலமைப்பு வேளாண்மைப் பாதுகாப்புக்கெனத் தனி உடன்படிக்கை கண்டது 2001-இல்தான்.

நடவுப் பெண்கள் அதுவரை காத்திருக்கவில்லை. நாள்முழுதும் நீரில் ஊறிய விரலிடுக்கில் தோல் வெளுத்து வெடிப்பதைச் சேற்றுப்புண் என்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலுள்ள லெப்டோஸ்பைரா நுண்ணுயிர் உடலுக்குள் நுழைய அந்த வெடிப்பே போதும். எலிக்காய்ச்சல் வருவது இப்படித்தான். நடவு நாட்களில் மாலையில் கால் கழுவி, மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பார்கள். காலையில் பாதம் சிவந்திருக்கும். அழகுக்காக இட்டது என்று எண்ணியவர்களும் உண்டு.