ஓடாநிலை: ஒரு துணைக்காலில் நிற்கும் பெயர்

போன மாதம் அறச்சலூர் பக்கம் ஒரு கல்யாணம். நம் பிளாக்கிலேயே இருக்கும் ஒரு குடும்பத்தோடு காரில் போனேன். அவர்கள் வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் போனில் மேப் பார்த்துக்கொண்டே வந்தவன், "தாத்தா, ஓடனிலைன்னு ஒரு ஊர் காட்டுது" என்றான்.

"ஓடனிலை இல்ல கண்ணு, ஓடாநிலை."

"ரெண்டும் ஒண்ணுதானே தாத்தா?"

அவன் மேல் தப்பில்லை. மேப்பில் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. அதில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்துதான். ஆனால் தமிழில் இரண்டும் ஒன்றல்ல. 'ஓட' என்றால் ஓடுவதற்கு. 'ஓடா' என்றால் ஓடாத. நடுவில் இருக்கும் ஒரு துணைக்காலை எடுத்துவிட்டால் அர்த்தம் நேர் எதிராகத் திரும்பிவிடும்.

பள்ளிக்கூடத்தில் 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்று படித்தது நினைவிருக்கலாம். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. வாடாத மல்லி வாடாமல்லி ஆனது போல, ஓடாத நிலை ஓடாநிலை ஆகிறது. 'நிலை' நமக்குப் பழகிய சொல். அவிநாசித் தேர் வீதி சுற்றி வந்து நின்றால் "தேர் நிலைக்கு வந்துருச்சு" என்கிறோம். கதவைத் தாங்கும் மரச்சட்டமும் நிலைதான். அசையாமல் நிற்கும் இடம், அசையாமல் நிற்கும் தன்மை, இரண்டையும் அந்தச் சொல் குறிக்கும். நம் ஊரில் 'ஓடாத' என்றால் நின்றுபோன மிஷினும் தேங்கிய சரக்கும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரில் அது பெருமைச் சொல்.

அந்தப் பெருமைக்குக் காரணமானவர் நம் மாவட்டத்துக்காரர். காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரி. தீரன் சின்னமலை என்றால் எல்லோருக்கும் தெரியும். மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை வழிமறித்து எடுத்துக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை எடுத்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்று தண்டல்காரர்களிடம் சொல்லி அனுப்பினார், அதனால் வந்த பெயர் என்பது இங்கே வழங்கும் கதை. பின்னாளில் அதே மைசூரின் திப்பு சுல்தானோடு சேர்ந்து கம்பெனிப் படையை எதிர்த்தார். 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு, கொங்கு நாட்டுக்குத் திரும்பி ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1801-ல் காவிரிக் கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அறச்சலூரிலும் கம்பெனிப் படையோடு மோதினார். அவர் பின்வாங்காமல் நின்று போரிட்டதால்தான் அந்தப் பெயர் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

இதைச் சொன்னதும் பையன் கேட்டான்: "அப்ப கடைசி வரைக்கும் அங்கயே இருந்தாரா தாத்தா?"

நல்ல கேள்வி. இருக்கவில்லை. கோட்டையைத் தகர்க்கக் கம்பெனிப் படை பீரங்கிகளோடு வந்தபோது அவர் அங்கே இல்லை. சேதி தெரிந்து முன்பே வெளியேறிப் பழனி மலைப் பக்கம் போய்விட்டார். வெறும் கோட்டையைத்தான் இடித்தார்கள். பிறகு காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். கம்பெனி ஆட்சியை ஏற்றுக்கொண்டால் உயிர் தப்பலாம் என்று சொன்னதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். 1805 ஜூலை 31-ம் தேதி சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையை விட்டார், கொள்கையை விடவில்லை. அப்படிப் பார்த்தால் அந்தப் பெயர் இடத்துக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் பொருந்துகிறது.

சின்னமலை பிறந்ததற்கு அடுத்த வருஷம், 1757-ல், வங்காளத்தில் ஒரு போர் நடந்தது. பாடப்புத்தகத்தில் 'பிளாசிப் போர்' என்று படித்தோம். அந்த ஊரின் பெயர் பிளாசி அல்ல, பலாஷி. பலாஷ் என்றால் நாம் புரசு என்று சொல்லும் மரம். ஆங்கிலேயர் வாயில் அது பிளாசி ஆனது. ராபர்ட் கிளைவுக்குக் கிடைத்த பிரபு பட்டத்திலும் அந்த உச்சரிப்புதான் ஏறியது. இன்றைக்கு நாமும் அப்படியேதான் சொல்கிறோம். பெயருக்குள் இருந்த மரம் நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஓடாநிலைக்கு அப்படி நேரவில்லை. ஊர்க்காரர்கள் இன்றும் சரியாகவே சொல்கிறார்கள். அங்கே சின்னமலைக்கு மணிமண்டபம் இருக்கிறது. வருஷா வருஷம் ஆடி 18 அன்று அரசு விழா நடக்கிறது, பத்திரிகைகளிலும் பெயர் வருகிறது. கோட்டை போய்விட்டது, பெயர் நிற்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் ஊர்ப்பெயர்களைப் போனில், ஆங்கில எழுத்தில்தான் முதலில் பார்க்கிறார்கள். கம்பெனிப் பீரங்கியால் அழிக்க முடியாத பெயர், நம் வீட்டில் ஒரு குறில் உச்சரிப்பால் அழிந்துவிடக் கூடாது.

காங்கேயம் வழியாகப் போனால் தூரம் ஒன்றும் அதிகமில்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பெயர்ப்பலகை முன்னால் நிறுத்தி, தமிழில் இருப்பதை ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது அந்தப் பையன் மேப்பைப் பார்க்கவே இல்லை. பலகை வந்ததும் அவனே படித்தான்: "ஓடாஆநிலை." கொஞ்சம் அதிகமாகவே இழுத்தான். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.