லகோட்டா வீடமைப்புத் தொண்டு

லகோட்டா வீடமைப்புத் தொண்டு என்பது, வட அமெரிக்கப் பூர்வகுடிகளுள் ஒரு பிரிவினராகிய லகோட்டா மக்களில், சொந்த வீடின்றி உறவினரை அண்டியும், வீடிருந்தும் குளிர் தாங்க மாட்டாமலும் வாழும் குடும்பங்களுக்கு, தொண்டர்களும் மாணவர்களும் அவ்வினத்தாருமே கூடி, வைக்கோல், மண், சூரிய வெப்பம் முதலியவற்றைப் பயன்படுத்தி, எரிபொருட் செலவு குறைந்தனவும் நெடுநாள் நிலைப்பனவுமான வீடுகளை எழுப்பும் பணியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த தெற்கு டகோட்டா ராஜ்யத்தில், ரிசர்வேஷன் என வழங்கும் ஒதுக்கீட்டு நிலங்களாகிய பைன் ரிட்ஜ், ரோஸ்பட், ஷையன் ரிவர் ஆகியவை இப்பணி நடைபெறும் இடங்களுள் முக்கியமானவை.

லகோட்டா மொழியில் அம்மக்களின் மரபு இல்லத்தைக் குறிக்கும் ‘டீபி’ என்னும் சொல்லுக்கு ‘அவர்கள் வசிக்கிறார்கள்’ என்பதே பொருள். காட்டெருமைத் தோல்களை ஒன்றோடொன்று தைத்து, நெடிய பைன் கம்பங்களின்மேல் போர்த்தி அமைத்த அக்கூம்பு வடிவ இல்லத்தை எழுப்புவதும் பிரிப்பதும் பெண்களின் பொறுப்பாக இருந்தது. அது அவர்களுடைய உடைமையாகவே கருதப்பட்டது. நடுவே தீயும், உச்சியில் புகை போக வழியும், குளிர்காலத்தில் உட்புறம் தொங்கவிடும் மற்றொரு திரையுமாக, பெருஞ்சமவெளியின் பனியையும் காற்றையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒரு ஜனசமூகம் கண்ட வீடு அது. ஆகவே, வீடு கட்டத் தெரியாதவர்களுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்ற எண்ணத்தோடு எவரேனும் இத்தொண்டில் இறங்குவாராயின், அவர் முதல் அடியிலேயே தவறியவர் ஆவார்.

லகோட்டாக்களின் வறுமை இயற்கை விளைத்ததன்று. 1868-ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாரமி உடன்படிக்கை, இன்றைய தெற்கு டகோட்டாவின் மேற்குப் பாதி முழுவதையும் அவர்களுக்கே உரியதென்று ஒப்புக்கொண்டது. 1874-இல் அங்குள்ள பிளாக் ஹில்ஸ் மலைகளில் பொன் இருப்பது தெரியவந்ததும், 1877-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் அம்மலைகளைப் பறித்துக்கொண்டது. 1889-இல் எஞ்சிய நிலமும் துண்டாடப்பட்டது. அத்துண்டுகளிலும் பெரும்பகுதி சர்க்காரின் பொறுப்புரிமையில் இருப்பதாலும், ஒரே நிலத்துக்கு வாரிசுகள் பலராகப் பெருகிவிட்டதாலும், பிறர் எளிதாகச் செய்வதுபோல் நிலத்தை ஈடுகாட்டி வீட்டுக்கடன் பெறுவது லகோட்டாக் குடும்பங்களுக்குப் பெருஞ்சிரமமாயிற்று. மிஸௌரி நதியின் குறுக்கே ஓஹே அணை கட்டப்பட்டபோது, ஷையன் ரிவர் மக்கள் 1 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை இழந்தனர்; அதனோடு விறகும் காற்றுக்கு மறைவும் அளித்துவந்த ஆற்றங்கரை மரங்களும் நீரில் மூழ்கின.

சர்க்காரின் பொதுவீட்டுத் திட்டம் 1937-இலேயே தொடங்கியும், பூர்வகுடிகளை அது எட்டியது 1961-இல்தான். பைன் ரிட்ஜில் வாழும் லகோட்டாப் பிரிவினரான ஒக்லாலா மக்களே முதன்முதலாகத் தங்களுக்கென ஒரு வீடமைப்பு ஸ்தாபனத்தை நிறுவினர். எனினும் அவ்வாறு வந்த வீடுகள் போதவில்லை; ‘தியோஷ்பாயே’ எனப்படும் உறவுக்கூட்டமாக வாழ்ந்த மக்களைப் பிரித்து, வரிசை வரிசையாக ஓரிடத்தில் அடைத்தன என்ற குறையும் உண்டு. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்குண்டு கிடப்பதும், மெல்லிய சுவர்களையுடைய பழைய டிரெய்லர் வீடுகளில் பூஞ்சணம் படர்வதும், உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும் குளிரில் புரோபேன் வாயு வாங்குவதற்கே வருமானம் கரைவதும் அங்கே அன்றாடத் துயரங்கள்.

1994-இல் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் தலைமையில் தொண்டர்கள் ஷையன் ரிவரிலுள்ள ஈகிள் பியூட் என்னும் ஊரில் கூடி, ஒரே வாரத்தில் 30 வீடுகளைக் கட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிய ரெட் ஃபெதர் என்னும் சங்கம், முதியோர் தம் இல்லங்களிலேயே குளிரில் விறைத்து இறந்த செய்தியைப் படித்த ஒருவரின் மனவேதனையில் பிறந்தது. பைன் ரிட்ஜில் தாம் முதலில் வீடு கட்டித் தந்த மூதாட்டியின் குடும்பப் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார். பின்னர் அச்சங்கம் மான்டானா ராஜ்யத்தில் வாழும் பிற பூர்வகுடிகளான வட ஷையன், குரோ மக்களிடையே வைக்கோல் வீடுகளைக் கட்டியது.

வைக்கோல் வீடு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. பைன் ரிட்ஜுக்குத் தெற்கே, நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பிரதேசத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறியவர்கள், மரமும் இல்லாமல், வெட்டியெடுத்துச் சுவராக அடுக்குவதற்கேற்ற இறுகிய புல்மண்ணும் இல்லாமல் தவித்தபோது, புதிதாக வந்த யந்திரங்கள் இறுக்கிக் கட்டிய புற்கட்டுகளையே செங்கல்போல் அடுக்கி வீடுகட்டத் தொடங்கினர். ஆர்தர் என்னும் சிற்றூரில் 1928-இல் அவ்வாறு கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அந்நிலமும் ஒருகாலத்தில் லகோட்டாக்கள் காட்டெருமை வேட்டையாடிய நிலமே. கோதுமை அறுவடைக்குப்பின் மிஞ்சும் வைக்கோலை இறுக்கிக் கட்டி, உயர்த்திய அஸ்திவாரத்தின்மேல் அடுக்கி, முளைகளால் பிணைத்து, இருபுறமும் களிமண்ணோ சுண்ணாம்போ பூசினால், ஏறக்குறைய ஒன்றரை அடி கனமுள்ள சுவர் கிடைக்கும். உள்ளே அடைபட்ட காற்று, வெப்பம் வெளியேறாமலும் குளிர் புகாமலும் காக்கிறது. இறுகிய கட்டினுள் காற்றோட்டம் இல்லாமையால் பூசிய சுவரில் தீயும் விரைவில் பற்றுவதில்லை. ஈரமே அதன் சத்துரு. அதனால்தான் கூரையின் இறவாரத்தை அகலமாக இறக்குகின்றனர். கொத்துவேலை அறியாதவரும், முதியவரும் சிறுவரும்கூட, இவ்வேலையில் கைகொடுக்கலாம் என்பதே இம்முறையின் தலையாய சிறப்பு.

மண்ணோடு சிறிது சிமெண்டைக் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத கற்களும் இப்பிரதேசத்தில் பரீட்சிக்கப்பட்டுள்ளன. புகழ்பெற்ற தலைவர் ரெட் கிளவுடின் ஐந்தாம் தலைமுறை வழித்தோன்றலான ஹென்றி ரெட் கிளவுட் பைன் ரிட்ஜில் நிறுவிய லகோட்டா சோலார் என்டர்பிரைசஸ், வீட்டின் தென்சுவரில் பொருத்தி வெயிலால் காற்றைச் சூடாக்கி உள்ளே செலுத்தும் கருவிகளைச் செய்கிறது. அவற்றைச் செய்வதற்கும் பொருத்துவதற்கும் பல குலத்து இளைஞர்களைப் பயிற்றுவித்தும் வருகிறது. ஒருவாரம் தங்கித் திரும்பிவிடும் தொண்டர் படையைவிட, இத்தகைய பயிற்சியே மதிப்பு மிக்கதென்பது எம் அபிப்பிராயம். தொண்டர் போனபின் கூரை ஒழுகினால் ஏறிப் பழுதுபார்க்க ஊரிலேயே ஒருவர் வேண்டும் அல்லவா?

இந்த உண்மையை உணர்ந்து எழுந்ததே, பைன் ரிட்ஜின் போர்க்குபைன் பகுதியில் ஒக்லாலா இளைஞர்கள் 2007-இல் தோற்றுவித்த தண்டர் வேலி சமூக வளர்ச்சிக் கழகம். கொலராடோ பல்கலைக்கழக மாணவர்களும் ஒக்லாலா லகோட்டா கல்லூரி மாணவர்களும் அங்கே கூடி, வைக்கோல், அழுத்திய மண், வெப்பங்காப்புப் பலகை, மரச்சட்டம் என வெவ்வேறு சுவர்முறைகளில் வீடுகளை அமைத்து, எது குறைந்த செலவில் அதிக வெப்பத்தைக் காக்கிறது என ஆராய முற்பட்டனர். கழகத்தின் 34 ஏக்கர் நிலத்தில் வீடுகள் நேர்வரிசையில் நிற்பதில்லை. தியோஷ்பாயே முறையை நினைவில் இருத்தி, நடுவே பொதுமுற்றம் விட்டு, அதைச் சூழ ஏழேழு வீடுகளாக வகுக்கப்பட்டன. முதல் ஏழு வீடுகள், குடியேற இருந்த குடும்பங்களே தத்தம் உழைப்பையும் ஈடாக வைத்து, ஒருவர் வீட்டை மற்றவர் சேர்ந்து கட்டும் பரஸ்பர உதவித் திட்டத்தின்படி எழுந்தவை. எல்லா வீடுகளும் கட்டி முடியும்வரை எந்தக் குடும்பமும் குடிபுகுவதில்லை என்பது அத்திட்டத்தின் விதி.